பங்காளிக்கு ஒரு நாற்காலி

அண்ணே,

இன்று காலை மிஷினைத் திறந்ததும் வெந்த ரப்பர் வாசனை பட்டறை முழுவதும் பரவியது. எத்தனை முறை துவைத்தாலும் உங்கள் சட்டையை விட்டுப் போகாத வாசனை. அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பேங்க் ஆளாக இருக்குமோ?

தேய்ந்த லோரி டயருக்குப் புதுத் தோல் ஒட்டும் இந்தப் பெரிய மிஷினை வாங்க நினைத்தபோது, நமக்கு இரண்டு வழிகள் இருந்தன. அம்மா குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்து பேங்க்கில் கடன் வாங்கலாம். அல்லது நான்கைந்து லோரிகள் வைத்திருக்கும் தவுக்கேயை, அந்தச் சீன முதலாளியை, பங்குக்குச் சேர்க்கலாம்.

“பேங்க்காரன் கட்டி முடிச்சா போய்டுவான். பங்காளி சாவுற வரைக்கும் போவமாட்டான்லா” என்றீர்கள்.

‘பங்காளி’ என்ற சொல்லே உங்களுக்குப் பயம். சித்தப்பாவோடு கூட்டாக நடத்திய கடையை விட்டு, அப்பா வெறுங்கையோடு சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு பஸ் ஏறியபோது அவர் கையைப் பிடித்திருந்தவர் நீங்கள். முதல் போடுகிறவனும் பங்காளி; சண்டை போட்டுப் பிரிந்த சித்தப்பாவும் பங்காளி.

“யாவாரம் படுத்துட்டா? பங்குக்காரன்னா அவனுக்கும் நட்டம்ண்ணே. பேங்க்குக்கு என்னா நட்டம்?”

“புஸ்தகம் பேசுது பாரு! கையெழுத்து போடுங்க, டைரக்டரம்மா.”

சிரித்துக்கொண்டே கடன் பத்திரத்தில் போட்டேன்.

பிறகு ஈப்போவைச் சுற்றியிருந்த ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. லோரிகள் ஓடவில்லை, டயர் தேயவில்லை. தவணை மட்டும் நிற்கவில்லை. நீங்கள் உங்கள் நாற்காலியில் சாலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பீர்கள். எந்த வண்டி வேகம் குறைந்தாலும் தலை நிமிரும். வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஒரு மாலை, அதே நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள்; பிறகு எழவே இல்லை.

இன்று காரிலிருந்து இறங்கியவர் தவுக்கே. நான்தான் கூப்பிட்டிருந்தேன், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பாதிப் பங்குக்கு அவர் தரும் பணத்தில் பேங்க் கடன் அடைந்துவிடும். வீடு அம்மாவுக்கு மிஞ்சும். இனி அவரைக் கேட்காமல் ஒரு டயர் விலையைக்கூட மாற்ற முடியாது. கையெழுத்திட்டபோது பின்னால் நீங்கள் நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

“டுடோக் மானா?” கையெழுத்து முடிந்ததும், இனி எங்கே உட்காருவது என்று மலாயில் கேட்டார். இருப்பவை இரண்டே நாற்காலிகள்.

என்னுடையதை அவருக்குக் கொடுத்தேன். முதன்முறையாக உங்களுடையதில் உட்கார்ந்தேன். அங்கிருந்து சாலை முழுவதும் தெரிகிறது, அண்ணே. வெளியே ஏதோ ஒரு வண்டி வேகம் குறைந்தது. கடன் தீரப்போகிறது என்று தெரிந்தும் என் தலை நிமிர்ந்தது.

நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வாடிக்கையாளரை அல்ல.