மேசையின் ஓரம்

மார்ச் 3, செவ்வாய்

பரிசோதனைக் கூடத்தில் இன்று ஓயாத கூட்டம். ரத்தம் எடுத்து எடுத்துக் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனின் போன். "ஞாயித்துக்கிழமை வட்டாரப் போட்டி. கார்டு கட்டு ரெடியா? நரியை அதுலேர்ந்து எடுத்துடாத, நான் சொல்றேன் பாரு."

அவனுக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு நாற்பது. நரி வேண்டுமா நாகம் வேண்டுமா என்று அரைமணி நேரம் பேசினோம். அண்ணி பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அம்மா இருந்தவரை இந்தக் கார்டு ஆட்டத்தைச் சூதாட்டம் என்றுதான் சொன்னாள். எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! ஆளுக்கு அறுபது கார்டு, வாங்கியும் மாற்றிக்கொண்டும் நாமே சேர்த்த கட்டு. ஒவ்வொரு கார்டிலும் ஒரு விலங்கோ வீரனோ. அவற்றை மேசையில் இறக்கிச் சண்டையிட வைக்க வேண்டும், தடுக்கக் கார்டு இல்லாத எதிராளியை நேராக அடிக்கலாம், அவர் புள்ளிகள் கரைந்தால் வெற்றி. இதில் சூது எங்கே வந்தது?

மார்ச் 6, வெள்ளி

அண்ணன் ஓட்டும் பள்ளிக்கூட வேனில் பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டதாம். "கேட் தூண் திடீர்னு வந்துச்சு" என்றான். தூண் எப்படி வரும்? சிரித்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

எங்கிருந்து எழுத ஆரம்பிப்பது?

அரையிறுதியில் நானும் அண்ணனும் எதிரெதிரே. ஜெயிப்பவருக்குப் பெரிய போட்டியில் இடம். போட்டி நடத்தும் கார்டுக் கடைக்காரர் கேலி செய்தார்: "வீட்டுச் சண்டையை வீட்டுலேயே போட்டிருக்கலாமே!" எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும்.

நாகத்தை என் வலது பக்கம், மேசை ஓரமாக வைத்தேன். அவன் தன் முறையில் தயங்காமல் சொன்னான்: "களம் காலி. நேரா அடிக்கிறேன்."

"நாகம் இருக்கே" என்றேன்.

அவன் கை நின்றது. முகத்தையே அந்தப் பக்கம் திருப்பித்தான் பார்த்தான். "ஓ... ஆமா."

எதிராளி இறக்கிய ஒரு கார்டைக்கூட மறக்காதவன் அவன். போன வருடம் ஆடிய ஆட்டத்தை வரிசை மாறாமல் சொல்லுவான். அடுத்த முறை நரியை அதே ஓரத்தில் இறக்கினேன். பேரைச் சொல்லித்தான் இறக்கினேன், ஆனால் கூடத்தில் ஒரே இரைச்சல். அவன் மறுபடியும் அது இல்லாதது போலவே ஆடினான். நரியை இரண்டு விரலால் மெல்ல நடுவுக்கு நகர்த்தினேன்.

"இது எப்ப வந்துச்சு?" என்றான்.

ஜெயித்தேன். நடுவர் கைகுலுக்கினார். யார் யாரோ முதுகில் தட்டினார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன். "உனக்குப் பக்கத்துல கண்ணு தெரியலையா?"

முதலில் தூக்கமில்லை என்றான். பிறகு தலைவலி என்றான். கடைசியில் காரின் மேல் சாய்ந்துகொண்டு, "நேரா நல்லாத் தெரியுதுடி. ஓரம்தான் கொஞ்சம் கொஞ்சமாப் போகுது. போன வருஷத்துலேர்ந்து" என்றான்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா வண்டி ஓட்டாதேம்பாரு."

"அதுக்காக? உள்ளே பிள்ளைங்க உட்கார்ந்திருக்குண்ணே!"

"வழி எனக்கு மனப்பாடம்."

"ரோட்டுல குறுக்க ஓடுற பிள்ளை மனப்பாடமா ஓடுமா?"

இன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிடு என்று கெஞ்சினேன். இந்த வருடம் ஓடட்டும் என்கிறான். ஓடட்டுமாம்! அவன் கையிலிருந்த கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவனை வீட்டில் இறக்கிவிட்டேன்.

மாலையில் வேன் முதலாளிக்கு நானே போன் செய்தேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று வேறு ஓட்டுநர் போனாராம். அண்ணனிடமிருந்து ஒரே ஒரு வரிதான் வந்தது: "ஜெயிச்சது பத்தலையாடி உனக்கு?"

வேலையில் இரண்டு பேருக்கு நரம்பு கிடைக்காமல் தடுமாறினேன்.

மார்ச் 14, சனி

போனை எடுக்கவில்லை. இன்றும்.

ஏப்ரல் 2, வியாழன்

அண்ணி பரிசோதனைக் கூடத்துக்கே வந்துவிட்டார். அழுத முகம். கண் டாக்டரிடம் அண்ணனை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போயிருக்கிறதாம். போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாமாம்.

"ஒரு மெஷின்ல முகத்தை வைக்கச் சொன்னாங்க. வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா பொத்தானை அமுக்கணும். எனக்குப் பக்கத்துத் திரையில காட்டுனாங்க. புள்ளி வந்துக்கிட்டே இருக்கு, இவரு சும்மா உட்கார்ந்திருக்காரு. அமுக்குங்கன்னு கத்தணும்போல இருந்துச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விலக்கவில்லை. கிளம்பும்போது சொன்னார்: "நீ செஞ்சது சரிதான். என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம். இப்போதைக்கு வீட்டுக்கு வராதே. உன் பேரை எடுத்தாலே சாப்பாட்டுலேர்ந்து எந்திரிச்சுப் போயிடுறாரு."

சரி அண்ணி என்றேன். வேறென்ன சொல்ல?

மே 17, ஞாயிறு

பெரிய போட்டி. இரண்டாவது சுற்றிலேயே தோற்றேன். நாற்காலி அவனுடையது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தால் ஆட்டம் எப்படி வரும்?

ஜூன் 9, செவ்வாய்

வேன் முதலாளி அண்ணனை ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறாராம். எந்த வண்டி எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் வேலை. அண்ணிதான் சொன்னார். அவரும் இப்போதெல்லாம் தானாகவே போன் செய்கிறார்.

ஜூலை 11, சனி

அவன் குரல்! எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "நாளைக்குக் கடையில போட்டி. நீதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும். லேட் பண்ணாத." வைத்துவிட்டான்.

ஜூலை 12, ஞாயிறு

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. கிளட்ச்சை ஏன் இந்தப் பாடு படுத்துற? முன்னாடி போற லாரிக்கு முத்தம் கொடுக்கப் போறியா? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

சிக்னலில் நின்றபோது சத்தம் அடங்கியது. நேராக முன்னால் பார்த்தபடி சொன்னான்: "நீ போன் பண்ணலைன்னா அன்னிக்குத் திங்கட்கிழமை நான் வண்டியை எடுத்திருப்பேன்டி."

பச்சை விழுந்தது.

முதல் சுற்றில் அவனுக்கு அடுத்த மேசை எனக்கு. அவன் எதிரே ஒரு தாடிக்காரர், எங்களுக்கு அறிமுகம் இல்லாதவர். அண்ணன் கார்டுகளைக் கலைத்து வைத்தான். பிறகு கூடத்துக்கே கேட்கும்படி, தயங்காமல் சொன்னான்: "சார், எனக்கு ஓரத்துல கண்ணு தெரியாது. எதை இறக்குனாலும் நடுவுல வச்சுப் பேரைச் சத்தமாச் சொல்லிடுங்க. நடுவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"தாராளமா" என்றார் அவர். முதல் கார்டை வைத்துப் பேரைச் சொன்னார். அண்ணன் லேசாகத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, அப்படியா விஷயம்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

என் எதிரே இருந்த பெண், "ஆரம்பிக்கலாமாக்கா?" என்று இரண்டாவது தடவையாகக் கேட்டாள்.