கிழக்குத் தெரு வெள்ளையடிப்பு

ஜனவரி 6, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். பாளையம்பட்டியிலிருந்து சுண்ணாம்பு மூட்டைகள் வந்து இறங்கின. ஊறவைக்கும் பொறுப்பு என் தலையில். வாங்க மறந்தவை: நீலம், வெள்ளையடிக்கும் மட்டை நான்கு, கைக்குத் தடவத் தேங்காய் எண்ணெய்.

பொங்கலுக்கு முன் கிழக்குத் தெரு முழுவதற்கும் எங்கள் வீட்டிலிருந்து வெள்ளையடித்துக் கொடுப்பது தாத்தா காலத்து வழக்கம். எங்கள் கல்குவாரிக்கு மிக அருகில் இருக்கும் தெரு, முப்பத்தோரு வீடு. அம்மா இருந்தவரை அவள் நின்று பார்த்தாள். அவள் போன பிறகு நான். இது மூன்றாவது பொங்கல்.

குவாரி நிலம் அம்மா வழியாக என் பெயருக்கு வந்தது. உரிமம் முடியப்போகிறது, நீட்டிக்க என் சம்மதக் கையெழுத்து வேண்டும். அப்பா உரிமக் கோப்பை மேசையில் வைத்துவிட்டு, பொங்கலுக்குள் போட்டுவிடச் சொன்னார். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். சிரித்தார். மளிகைச் சீட்டைக் கொடுத்தாலும் படிக்கிறவளாம்.

ஜன. 8, புதன்

பதினேழு வீடு முடிந்தது. நானும் இரண்டு சுவர் அடித்தேன். "பாப்பா அடிச்ச சுவத்தப் பாத்தா மழை பேஞ்சு ஓஞ்ச மாதிரி இருக்கு" என்று மேஸ்திரி கருப்பையா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எல்லோருக்கும் சிரிப்பு, எனக்கும்.

பதினெட்டாவது செல்வராணி அக்கா வீடு. கணவர் எங்கள் கல்லுடைக்கும் கிரஷரில் வேலை பார்க்கிறார். மட்டையோடு போனவர்களை அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"எங்க வீட்டுக்கு வேண்டாம் பாப்பா."

ஏன் என்று கேட்டேன். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மூலையிலிருந்து சன்னல் வரை விரிசல். என் சுண்டுவிரல் நுழைகிறது. விரிசல் ஓடிய வழியெங்கும் பென்சில் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. குவாரியில் வெடி வைத்த நாட்கள். மகளைக் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். தலைப்பிரசவம், தை கடைசியில் இருக்கும். அந்தச் சுவருக்குக் கீழே தாயையும் பிள்ளையையும் படுக்கவிட மாட்டோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

"வருசா வருசம் பொங்கல் கழிச்சுத்தான் குவாரியால வீட்டுக்குச் சேதமான்னு ஆபீசரு பாக்க வாராரு. வந்தா தெருவே பளிச்சுனு இருக்கு. இந்த வருசமாச்சும் சுவரு இருக்கிறபடி இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. காபி வேறு கொடுத்தார். குடித்தேன்.

பதினேழு வீட்டிலும் விரிசல்களைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டுத்தான் வெள்ளை அடித்தார்கள். அடைக்கச் சொன்னது நான். பார்க்க நேர்த்தியாக இருக்கட்டும் என்று.

ஜன. 9, வியாழன்

வேலையை நிறுத்தி வைத்தேன். மேஸ்திரியிடம் கை வலிக்கிறது என்று பொய்.

இங்கிலாந்தில் நிலமும் நிலக்கரிச் சுரங்கமும் வைத்திருந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய புத்தகம், பாதியில் இருக்கிறது. குளிர்காலத்தில் தொழிலாளர் வீடுகளுக்கெல்லாம் கம்பளி கொடுத்தார்களாம். போன வாரம் ஓரத்தில் "நல்ல மனிதர்கள்" என்று எழுதியிருக்கிறேன். இன்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. நல்ல மனிதர்களாகவும் இருந்திருக்கலாம்.

ஜன. 10, வெள்ளி

மதியம் சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன், நாம் வெள்ளையடிப்பது எதற்காக என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எங்க அய்யா காலத்துல வெடி ஏது? உளியும் சம்மட்டியுந்தான். அவுக அடிச்ச வெள்ளை பண்டிகைக்கு அடிச்சது."

"இப்ப நாம அடிக்கிறது?"

அப்பா மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியவர், பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர். கிரஷரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தானே அருப்புக்கோட்டைக்குக் காரில் கூட்டிப்போகிறவர். இதையெல்லாம் எழுதி வைக்கிறேன், நாளை கோபத்தில் மறந்துவிடக்கூடாது.

ஜன. 12, ஞாயிறு

கிழக்குத் தெருவுக்கு மறுபடி போனேன், ஒரு நோட்டோடு. வெள்ளையடிக்காத பதினான்கு வீட்டில் பதினொன்றில் விரிசல். அடித்த வீடுகளில் கேட்டுக்கேட்டு எழுதவேண்டியிருந்தது. "இங்கதான், இல்ல, இன்னுஞ் சித்த மேல" என்று வெற்றுச் சுவரைத் தடவிப் பார்த்தார்கள்.

எல்லோரும் செல்வராணி அக்கா பக்கம் இல்லை. கடைசி வீட்டு வீரம்மா நோட்டை மூடச் சொன்னாள். "நீ பாட்டுக்கு எழுதிட்டுப் போயிருவ தாயி. குவாரி நின்னா எங்க வீட்டுக்காரரு திருப்பூருக்குல்ல பஸ்ஸு ஏறணும்." அவள் சொல்வதும் நியாயம். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜன. 14, செவ்வாய்

பொங்கல். காற்றில்லை, புகை நேராக மேலே போனது. நான்கு நாள் வெடி கிடையாது. கையெழுத்துப் போடவில்லை. அப்பா கேட்கவில்லை. ஆனால் கோப்பு மேசையின் நடுவுக்கு வந்திருக்கிறது.

அப்பாவிடம், செல்வராணி அக்கா வீட்டில் ஒரு நாள் வெடி நேரத்தில் வந்து உட்காருங்கள், அதன் பிறகு நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன் என்றேன். "ஒன் அம்மா மாதிரியே பேசுற" என்றார். அது சம்மதமா திட்டா, தெரியவில்லை.

ஜன. 18, சனி

அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, தலை சீவி, ஏதோ விசேஷத்துக்குப் போவதுபோல. இத்தனை வருடத்தில் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. செல்வராணி அக்கா அடுத்த வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து, நடமாட இடம் விட்டு, விரிசல் சுவரை ஒட்டிப் போட்டார். மகள் சுகமா என்று அப்பா கேட்டார். சுகந்தான் என்றார். டீ வந்தது. பென்சில் கோடுகளை அவர் பார்த்தார், தேதிகளைப் படித்தாரா தெரியவில்லை.

பன்னிரண்டரைக்குக் குவாரியில் வெடிக்குச் சங்கு ஊதியது.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து, நாற்காலியைத் தூக்கி, சுவரை விட்டு நடுவீட்டுக்குக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது. செல்வராணி அக்கா சுவரோரமாகவே நின்றிருந்தார். நானும்.

வெடித்தது. சன்னலில் இருந்த சீப்பு விழுந்தது. சுவரிலிருந்து மண் உதிர்ந்து, நாற்காலி முதலில் இருந்த இடத்தில் பரவியது.

அப்பா, "மகளக் கூட்டிட்டு வா, செல்வராணி. இந்தப் பக்கம் இனிமே வெடிமருந்து வைக்க மாட்டாக. சுவத்த நான் எடுத்துக் கட்டித் தாரேன்" என்றார். அக்கா உடனே நன்றி சொல்லவில்லை. "கட்டி முடிங்கய்யா, கூட்டியாறேன்" என்றார்.

திரும்பும்போது வெயில். அப்பா முன்னால், நான் இரண்டடி பின்னால். ஓடை தாண்டிய பிறகு அவர், திரும்பிப் பார்க்காமல்:

"குவாரியில தெருவ ஒட்டுன கிழக்குப் பக்கத்த விட்டுட்டு மத்ததுக்கு எழுதிக் கொண்டாந்தா கையெழுத்துப் போடுவியா?"

"படிச்சுட்டுப் போடுறேன்ப்பா."

இந்தத் தடவை சிரிக்கவில்லை. சரி என்று தலையசைத்தார்.