சூடு ஆறுமுன்

மே 4

பரிசோதனைக்கூடத்தில் ஏசி மறுபடி மக்கர். குளிரைக் குறைக்கவே முடியவில்லை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்து விட்டுப்போச்சு. வரும் வழியில் அண்ணன் வீட்டில் நுழைந்தேன். அவன் மகள் வாலு தலைவலி என்று படுத்திருந்தாள். நெற்றியில் கை வைத்ததும் ஒரே கத்தல்: "ஐயோ, கையை எடு, ஐஸ்!" இந்த வேலைக்குப் போன நாளிலிருந்து அவளுக்கு நான் அத்தை இல்லை, ஐஸ்தான். பத்து வயசுக்கு வாய் மட்டும் காது வரைக்கும்.

மே 6

வாலுவுக்குக் காய்ச்சல், வாந்தி. கழுத்தை மடக்க முடியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாயிற்று. முதுகில் ஊசி போட்டு, தண்டுவட நீர் எடுத்தார்கள். நான் வார்டில் அண்ணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே வந்தால், கூட வேலை செய்யும் சோடாபுட்டி, "அக்கா, உங்க அண்ணன் பொண்ணோடது. நீங்களே பாக்கட்டும்னு பத்திரமா ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கேன்" என்றாள்.

பார்த்தேன். வெள்ளணுக்கள் நிறைய. கிருமி எதுவும் கண்ணில் படவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

மே 7

அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பெரிய டாக்டர் அண்ணனிடம், "ஏரி, குளம்னு எங்கயாவது குளிச்சாளா?" என்று கேட்டார். போன வாரம் ஏரியில் குதித்தாளாம். மூக்கில் தண்ணீர் ஏறியதாம். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அமீபாவா இருக்கலாம். மூக்கு வழியா மூளைக்கு ஏறிடும். சூடு ஆறாம பாத்தீங்களா?"

ஃபிரிட்ஜ். கடவுளே! குளிர்ந்தால் அது சுருண்டு அசையாமல் கிடக்கும், வெள்ளணு மாதிரியே. படித்ததுதானே? புத்தி எங்கே போச்சு எனக்கு? சோடாபுட்டியை என்ன சொல்ல — எனக்காகத்தானே செய்தாள்.

மறுபடி நீர் எடுத்தார்கள். என் ஐஸ் கையை நம்பாமல், குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

நகர்ந்தது. ஒரு பக்கம் பிதுங்கி, மெதுவாக, பின்பு இன்னொரு பக்கம். பாவி! "டாக்டர், இருக்கு!" என்று போனில் கத்தினேன். இருக்கிறது என்பதற்கு இவ்வளவு சந்தோஷமா?

மே 8

மருந்து ஏறுகிறது. "பொழைச்சவங்க ரொம்பக் கம்மி" என்றார் டாக்டர்.

அண்ணன் கேட்டான்: "முந்தாநாளே தெரிஞ்சிருந்தா...?" மருந்து சரியாக இறங்குகிறதா என்று பார்க்க எழுந்து போனேன்.

மே 13

இன்னும் கண் திறக்கவில்லை.

மே 19

சோடாபுட்டி சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினாள். அவளும் சாப்பிடவில்லை. "நீ முதல்ல தின்னுடி" என்று அதட்டினேன். ரெண்டு பேரும் அழுதோம். அசதி. இனி அழக்கூடத் தெம்பில்லை.

ஜூன் 3

கண் திறந்துவிட்டாள். அண்ணியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். யாரோ எவரோ என்று பார்க்கிறாள். பேச்சு இல்லை. "பொறுத்துப் பாப்போம்" என்கிறார் டாக்டர். இன்னும் எவ்வளவு பொறுப்பது?

ஜூன் 11

ஏசி இன்னும் அப்படியேதான். வேலை முடிந்து நேராக வார்டுக்குப் போனேன். அண்ணி நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். எழுப்பவில்லை. வாலு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சும்மா நெற்றியில் கை வைத்தேன்.

முகம் சுளித்தாள். உதடு அசைந்தது. குனிந்தேன்.

"கையை எடு, ஐஸ்."

எடுக்கவில்லை.