சம்பந்தி வீட்டுக்கு ஓர் ஈஸ்டர் அட்டை

வேங்கிக்கால், திருவண்ணாமலை
23.3.2026

அன்புள்ள சம்பந்தியம்மா ஜெயசீலி அவர்களுக்கு,

ராணியம்மாள் எழுதுகிறேன். அபிநயா உங்கள் வீட்டு மருமகளாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. சர்ச் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று இவர் உட்கார்ந்துவிட்டார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. போனை எடுத்தால் எனக்கு வார்த்தை வருவதில்லை. அதனால்தான் இந்த ஈஸ்டர் வாழ்த்து. கடையில் வாங்கியதல்ல, நானே செய்தது.

அபி கல்யாணத்துக்கு முன்னால் கார்டு செய்து விற்கப் பயன்படுத்திய கட்டிங் மெஷின் இங்கேயே சும்மா கிடந்தது. அவளிடம் சொல்லாமல் தூசி தட்டினேன். கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தைப் பார்த்து மெஷினே பிளேடால் வெட்டித் தருகிறது. எனக்கோ காகிதத்தோடு அதை ஒட்டி வைக்கும் பிளாஸ்டிக் பாயையும் சேர்த்து வெட்டித் தந்தது. லில்லிப் பூவின் காம்பு பிய்ந்து பிய்ந்து வந்தது. ஒருவழியாக விடியல் வானம், மலை, கல்லறைக் குகை, லில்லி, முன்னால் ஒரு வளைவு என்று ஐந்து அடுக்கு சேர்ந்தது.

இவர் எட்டிப் பார்த்து, "பண்டிகைக்கு யாராச்சும் கல்லறைய அனுப்புவாங்களா?" என்றார்.

"காலிக் கல்லறைங்க. அதான் விசேஷமே" என்றேன்.

"குகை வாசல் இவ்ளோ வட்டமா இருக்காது. நம்ம மலைல பாத்ததில்ல?" என்று பென்சிலை வாங்கி அவரே வரைந்து கொடுத்தார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
ராணியம்மாள்

வேலூர்
28.3.2026

அன்பான சம்பந்தி,

கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அட்டை தபாலில் நசுங்கி, வானம் இடிந்து கல்லறை மேல் விழுந்த மாதிரி வந்து சேர்ந்தது. நான் பசை டப்பாவை எடுத்தேன். அபிநயா ஓடி வந்து, "ஐயோ அத்தை, பசை வேணாம், பேப்பர் ஊறி வளைஞ்சிடும்! குடுங்க இப்படி"னு பிடுங்கிக்கொண்டாள். ஒரு வருடமாக "சரிங்கத்தை"யைத் தவிர வேறு பேசாத பெண் என்னை அதட்டினாள்! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வெட்டிக் கொடுத்தேன், அவள் அடுக்கடுக்காக ஒட்டினாள். நடுவில் அழுதாள். அப்புறம், "எங்கம்மாவுக்கு மெஷினை ஆன் பண்ணவே தெரியாது அத்தை"னு சிரித்தாள். குகையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவளே விரலால் தடவிப் பார்த்து, "இது எங்கப்பா போட்ட கோடு" என்றாள்.

ஏப்ரல் ஐந்து, ஈஸ்டர் ஞாயிறு, இரண்டு பேரும் வாருங்கள். சர்ச்சுக்குக் கூப்பிடவில்லை, மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறேன். என் மகன் அருண்பிரசாத் பஸ் ஸ்டாண்டுக்கு வருவான்.

உங்கள்,
ஜெயசீலி

வேங்கிக்கால்
7.4.2026

அன்புள்ள சம்பந்தி,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உங்கள் வீட்டில் இவர் "போதும், போதும்" என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லையே என்று வாசலில் என்னிடம் வருத்தப்பட்டீர்கள். பஸ்ஸில் நடந்ததைக் கேளுங்கள்.

கண்ணமங்கலம் வரைக்கும் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அபி நல்லா இருக்கா, இல்ல?" என்றார்.

"நல்லா இருக்கா."

"சத்தமா பேசறா. பயந்து பயந்து இருப்பாளோன்னு நெனச்சேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போளூர் தாண்டியதும், "அவங்களுக்கு அடுத்த பண்டிகை எப்போ?" என்றார்.

"கிறிஸ்மஸ்தான். டிசம்பர்ல வரும்."

"அவ்ளோ நாளா?"

அதனால் சித்திரை ஒன்றாம் தேதி நீங்கள் எல்லோரும் இங்கே வரவேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். காலையிலிருந்து, "மாப்ளைக்கு உளுந்து வடை பிடிக்குமா, கேட்டு எழுது" என்று என்னை நச்சரிக்கிறார். சம்பந்தி, இவர் வாயிலிருந்து "மாப்ளை" வந்தது இன்றைக்குத்தான்.

வடை விஷயத்துக்கு மட்டுமாவது உடனே பதில் போடுங்கள்.

பிரியமுடன்,
ராணி