ஒருத்திக்கு இரண்டு லிட்டர்

என் கண்ணு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவின் படகு மோட்டாரும் சுகம், நான் எப்போதும் போல, அது நேற்றுச் சாயங்காலத்திலிருந்து. உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும். போனில் பேசலாமே என்பாய், போனில் நீ சொல்லும்மா என்று சொல்லி வாய் மூடுவதற்குள் உன்னை யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், காகிதத்தை யாரும் நடுவில் கூப்பிட மாட்டார்கள் பார். எழுத்துப்பிழை இருந்தால் சிரித்துக்கொள், நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை, அதுதான் என்னைத் தாண்டிப் போனது.

மூத்தாளுக்கு என்ன வந்தது என்று கேட்பாய். ஆமாம், மோட்டாரை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், எனக்கு முன்னாலேயே உன் அப்பாவுக்கு வாய்த்தவள், நான் இளையாள்தானே. போன வாரம் தையற்காரரை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும்போது நடு ஆற்றில் இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றுவிட்டாள். கயிற்றை இழுத்து இழுத்து என் தோள் கழன்றதுதான் மிச்சம். படகு தன் பாட்டுக்குப் புதுப் பாலத்துத் தூணைப் பார்த்துப் போகிறது, தையற்காரர் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஐயோ அக்கா நாளைக்குக் கொடுக்கவேண்டிய சட்டை என்று புலம்புகிறார், உயிரைப் பற்றி ஒரு பேச்சில்லை. எப்படியோ துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தேன். இறங்கும்போது, கோவிச்சுக்காதீங்கக்கா, இனிமே நான் பாலத்து பஸ்லயே போயிக்கிறேன் என்றார். பாலம் திறந்த பிறகு தினமும் ஏறிக்கொண்டிருந்தது அவரும் அக்கரை நர்ஸம்மாவும்தான். இப்போது நர்ஸம்மா மட்டும், அதுவும் அவளுக்கு லீவு இல்லாத நாளில்.

பெட்ரோலில் ஆயில் ஊற்றுகிற கலவையில்தான் கோளாறு என்று நினைத்து ஆயில் கடைக்குப் போனேன். கடைக்காரர் இப்பல்லாம் ஐம்பதுக்கு ஒன்றுதான், நீங்கள் ஆயிலைக் கொட்டி மோட்டாரை மூச்சு முட்ட வைக்கிறீர்கள் என்றார். நல்லவேளை, கலப்பதற்கு முன்னால் நட்டு வந்தான், அதுதான் எந்நேரமும் வாயில் ஒரு நட்டைக் கடித்துக்கொண்டே பேசுவானே, அந்த மெக்கானிக். புது மோட்டாருக்கு ஐம்பது சரி, இது பழைய உடம்பு, உள்ளே உரசுகிற இடம் அதிகம், இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் போகவில்லை என்றால் சூடேறி இறுகிவிடும் என்றான். பைக் ஆயில் ஆகாது, படகு மோட்டாருக்கென்று விற்கிறதுதான் ஊற்ற வேண்டுமாம். சாராயம் கலந்த பெட்ரோலும் கூடாது, அது ரப்பர் குழாயை அரித்துத் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளுமாம். உன் அப்பா கண்ணை மூடுகிறவரை ஒரு சொட்டுத் தொடாத மனுஷன், மூத்தாள் மட்டும் குடிப்பாளா என்றேன். சிரித்து நட்டை விழுங்கப் பார்த்தான்.

பிறகு கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே பிசின் மாதிரி மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. கேனைத் திறந்து முகர்ந்தான், முகம் சுளித்தான், இது பெட்ரோலா வார்னிஷா, எப்பக்கா கலந்தது என்றான். எனக்கே நினைவில்லை. நீ இங்கே இருந்தபோது ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் ஓடும். உன் பழைய பால்புட்டியில் இருநூறு கோடு வரை நான் ஆயில் ஊற்றுவேன், நீ கேனை இடுப்பில் வைத்து ஆட்டம் போட்டுக் குலுக்குவாய். நீ போன பிறகும் கை அந்தக் கோட்டில்தான் போய் நிற்கிறது. ஓடுவது என்னவோ வாரத்துக்கு இரண்டு லிட்டர், மீதி கேனிலேயே கிடந்து கெட்டுப்போயிருக்கிறது. நட்டு வாயிலிருந்த நட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: “கலவை சரிதான்க்கா, அளவுதான் தப்பு. இனிமே உங்க ஒருத்திக்குக் கலக்குங்க.” சமையலிலும் இதே கதைதான், அதை அவனிடம் சொல்லவில்லை.

அவன் எல்லாவற்றையும் கழுவி மாட்டிக் கொடுத்த பிறகு, நேற்று இரண்டு லிட்டருக்கு எண்பது கோடு வரை ஊற்றினேன். புட்டியின் அடியில் கொஞ்சூண்டு நிற்கிறது, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. நானே குலுக்கினேன், ஆட்டம் வரவில்லை. முதல் இழுப்பிலேயே மூத்தாள் பிடித்துக்கொண்டாள். நடு ஆற்றுக்குப் போய் ஓடுதுடி என்று கத்தினேன், பிறகுதான் நீ உட்காருகிற முன்பலகையில் ஆள் இல்லை என்று உறைத்தது. பாலத்து பஸ்ஸிலிருந்து யாரோ கை காட்டினார்கள், தையற்காரராக இருக்கும், நானும் காட்டினேன்.

மோட்டாரை விற்றுவிட்டு உன்னிடம் வந்துவிடச் சொல்கிறாய். அந்தப் பத்தாவது மாடியில் நான் எதை ஓட்டுவது, லிஃப்டையா. நர்ஸம்மா ஏறுகிறவரை ஓட்டுகிறேன், அவளும் பஸ்ஸுக்குப் போய்விட்டால் அப்புறம் பேசிக்கொள்வோம், அதுவரை அதைக் கேட்காதே தாயி.

உடம்பு, மனசு, வேலை மூன்றும் உனக்கு நிறைந்து இருக்கட்டும். ஈரத் தலையோடு பின்னிக்கொண்டு ஓடாதே. லீவு கிடைத்து வந்தால் பஸ்ஸில் பாலம் ஏறி வாசலில் வந்து இறங்காதே, அக்கரையிலேயே இறங்கி நின்று கை காட்டு. நீ குலுக்குகிற அந்த ஐந்து லிட்டர் கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீ வருகிற அன்றைக்குத்தான் அதில் கலப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா, உன் அப்பாவின் இளையாள்