பால் சொன்ன சாட்சி

வர்ஜீனியா,
1829 செப்டம்பர் 20

அன்பில் குறையாத என் கணவர் ஆப்சலோமுக்கு, கெசையா எழுதுவது. நான் நலம். வயிற்றில் இருப்பதும் நலம். உதைக்கிற உதையிலேயே உங்கள் பிள்ளைதான் என்று தெரிகிறது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் செருப்புத் தைக்கும் ஒபதியா அண்ணன். முத்தத்தையெல்லாம் எழுத மாட்டாராம். அதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயிலால் விடுதலையானவர்கள் ஓராண்டுக்குள் மாநிலத்தை விட்டுப் போக வேண்டும் என்கிற சட்டம் உங்களை மே மாதம் ஒஹையோவுக்குத் துரத்தியது. அன்றிலிருந்தே சின்ன எஜமான் ரூபஸ் தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டார். இருபத்தைந்து வயது நிரம்பியவர்களுக்கு உடனே விடுதலை, மற்றவர்களுக்கு அந்த வயது வந்ததும் விடுதலை என்று அவர் அப்பா உயில் எழுதியது ஊருக்கே தெரியும். எனக்கு ஏப்ரலிலேயே நிரம்பிவிட்டது. இவரோ எனக்கு இருபத்திரண்டுதான் என்று சாதித்தார். என் உழைப்பின் மேல் மட்டும் ஆசை இல்லை. தாய் விடுதலையாகும் முன் பிறக்கும் பிள்ளை அவருக்குச் சொந்தம். ஜனவரியில் பிறக்கப்போகிற நம் பிள்ளைக்கு இப்போதே வலை விரித்தார், பாவி!

நாம் பிறந்த தேதியை யார் எழுதிவைத்தார்கள்? கறுப்பரான நம்மவர் சாட்சியும் வெள்ளைக்காரருக்கு எதிராகச் செல்லாது. விடுதலை கேட்டு நான் போட்ட வழக்குக்குக் கோர்ட்டு அமர்த்தித் தந்த வக்கீலே கையைப் பிசைந்தார். வெட்கத்தை விட்டு ரூபஸின் தாயாரிடம் போய், "என் அம்மா டார்க்கஸ் உங்க வீட்டுக்கு என்ன செஞ்சாங்கன்னு கோர்ட்டுல ஒரே ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்று கேட்டேன். எஜமானியம்மா பின்னிக்கொண்டிருந்த காலுறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன்.

போன திங்கட்கிழமை கோர்ட்டு கூடியது. எஜமானியம்மா கறுப்புத் தொப்பியோடு உள்ளே வந்ததும் ரூபஸின் முகம் செத்துப்போனது. அந்த அம்மா நீதிபதிகளைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தே பேசினார்.

"நீ பொறந்தப்போ எனக்கு ஜுரம், பால் வத்திப்போச்சு. மொத நாள்லேருந்து டார்க்கஸ்தான்டா உனக்குப் பால் குடுத்தா. அவ இந்தக் கெசையாவைப் பெத்து அப்போ நாலு நாள். பிள்ளை பெறாதவளுக்கு எங்கேருந்துடா பால் வரும்?"

நீதிபதிகளில் ஒருவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "ரூபஸ், உன் இருபத்தஞ்சாவது பொறந்தநாள் பன்னிய ஏப்ரல்ல நாங்க எல்லாரும்தானேப்பா தின்னோம்?" என்றார். அந்தப் பன்றியை வாட்டிப் பரிமாறியவளே நான்தான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஏப்ரலிலிருந்தே நான் விடுதலையானவள் என்று தீர்ப்பு. நம் பிள்ளை யாருக்கும் சொந்தமில்லை, ஆப்சலோம்! இனி என்னையும் மாநிலத்தை விட்டுப் போ என்கிறது சட்டம். உங்களிடம் வருவதற்கு உத்தரவு வேறா? கரும்பு தின்னக் கூலியா! அடிமை வைக்காத குவேக்கர் சபைக் குடும்பம் ஒன்று மார்ச் மாதம் ஒஹையோவுக்கு வண்டி கட்டுகிறது. பிள்ளையோடு அதில் வந்துவிடுவேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். என் அம்மாவை நான் மன்னித்ததே இல்லை. ரூபஸ் குடித்த மிச்சம்தான் எனக்கு. அதுவரை அழுதே கிடப்பேனாம். அந்தப் பால்தான் இன்று என்னைக் கரையேற்றியது. தீர்ப்பு வந்த அன்றே அம்மாவின் குழிமேட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

தொட்டிலை நீங்களே செய்து வையுங்கள். பெயரையும் யோசித்து வையுங்கள். கர்த்தர் உங்களைக் காக்கட்டும். இந்தப் பிள்ளை யார் குடித்து முடிப்பதற்கும் காத்திருக்காது.

உங்கள் மனைவி,
கெசையா