காணாமற்போனவர்களுக்கு ஒரு திகதி

சிவமயம்
பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
20.01.2026

அன்பு மகன் பிரணவனுக்கு,

நீ சுகமாயிருக்கத் தில்லைக்கூத்தன் துணை. சமாதானப் பேச்சு முடியும்வரை போனை வாங்கி வைத்துவிட்டார்கள் என்றாய். அதனால்தான் தாளும் பேனையும். இரண்டு வல்லரசுகளும் நாலு வருசம் அடிபட்டுவிட்டு, இப்போது வாசலால் யார் முதலில் நுழைவது என்று பிடுங்குப்படுகிறார்களாம். இங்கே பஸ்சுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே வரிசையில் நிற்குதுகள். நடுவராய் நிற்கும் உங்கள் கனடாக்காரருக்காவது நேரத்துக்குச் சாப்பாடு தருகிறார்களோ? மூன்று வரிக் கடிதம் காணாது, தம்பி, நீட்டி எழுது.

அம்மா சிவநேசம்

ஜெனீவா
06.02.2026

அன்பான அம்மா,

நல்ல செய்தி. இந்தச் சண்டையில் காணாமற்போனவர்களை எங்கே கொண்டுபோனோம், எந்த நாளில் என்ன செய்தோம் என்று சொல்ல இரண்டு பக்கமும் மறுத்துவிட்டார்கள். நான்தான் வழி சொன்னேன்: ஒப்பந்தம் கையெழுத்தாகும் மார்ச் இரண்டிலேயே எல்லோரும் இறந்ததாகப் பதிவோம், தேடுதல் முடியும். “ஊரில் போர் முடிகிறபோது காணாமற்போன என் அப்பாவுக்குத் திவசம் கொடுக்க ஒரு திகதி இல்லாமல் அம்மா பதினேழு வருசமாக இருக்கிறா” என்றேன். எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். அதே நாளை அப்பாவுக்கும் வைத்து, நான் வந்ததும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்வோம்.

உங்கள் பிரணவன்

மொன்றியல்
16.02.2026

பிரணவன்,

வாசித்துவிட்டு வாய் கொப்பளித்தேன். அப்பாவை விசாரணைக்கென்று பஸ்சில் ஏற்றின ஆமிக்காரனுக்கு நாள் தெரியும். உன் மேசையில் இருக்கிறவர்களுக்கும் தாங்கள் கொண்டுபோனவர்களின் நாள் தெரியும். சொல்லாமல் தப்பினோம் என்றுதான் கைதட்டினார்கள். அதற்கு என் பொட்டைக் கொண்டுபோய்ச் சபையில் கடைவிரித்தாயே, அருவருப்பாயிருக்கு. ஆடி அமாவாசைக்கு உன்னை நான் ஒருநாளும் விரதம் பிடிக்க விட்டதில்லை. தகப்பன் இருக்கிற பிள்ளை பிடிக்கிறதில்லை. கணக்கில் தெரியாத இடத்தை நான் வெறுமையாக விடுவேன். ஊகித்து நிரப்பினால் அது கள்ளக்கணக்கு. அந்த வரியை வெட்டு.

அம்மா

ஜெனீவா
03.03.2026

அம்மா,

கையெழுத்தாகிவிட்டது. அந்த வரியை வெட்டினால் திரும்பவும் சண்டை தொடங்கும் என்றார்கள். நான் என்ன செய்ய? இருபதாம் திகதி வாறன். கோபம் ஆறியிருக்கும்தானே?

பிரணவன்

சிவமயம்
மொன்றியல்
10.03.2026

பிரணவன்,

சண்டை நின்றதற்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அது வேறு.

உன் கணக்கில் அப்பா மார்ச் இரண்டில் செத்தார். அப்படியென்றால் உனக்குத் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. சாமியறை உள்ள வீட்டுக்குள் வரக்கூடாது. எனக்குத் துடக்கில்லை, இன்றும் பொட்டு வைத்துத்தான் விளக்கேற்றினேன். உன் உடுப்புப் பெட்டி கீழ்வீட்டு றோசாவிடம் இருக்கு. அவ சேர்ச்சுக்குப் போற வேதக்காரி, அவவுக்குத் துடக்குப் பார்க்கிற பழக்கமில்லை.

முப்பத்தொரு நாள் போனால் வரலாம்தானே என்று நினைக்காதே. அந்தியேட்டி செய்தால்தான் துடக்குக் கழியும். அதைச் செய்ய நான் விடமாட்டேன்.

திருமதி சிவநேசம் குணரத்தினம்